ஒன்பதாம் கூடத்துக் காலி நாற்காலி

வெண்கம்பளி போர்த்திய அங்கியும் தங்கச் சங்கிலியும் தாங்கி இந்த அவைக்குத் தலைமை வகிக்கும் துணைவேந்தர் லுட்மீலா அம்மையார் அவர்களே, அவருக்கு வலப்புறம் அமர்ந்து இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட உள்ளரங்க வடிவமைப்புத் துறையின் தலைவர் ராய்முண்ட் அவர்களே, பெயருக்கு முன்னால் மூன்றும் பின்னால் இரண்டுமாகப் பட்டங்களைச் சுமந்து களைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பிள்ளையின் முதல்நாளைப் பார்க்க இருட்டோடு எழுந்து ரயிலேறி லூப்ளினுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தந்தையரே, சற்றுமுன் உறுதிமொழி எடுத்துக்கொண்ட முதலாண்டு மாணவ மாணவியரே, காலையில் இந்த அரங்கு முழுவதற்கும் நாற்காலி போட்டுவிட்டு, தங்களுக்கு மட்டும் ஒன்று போட்டுக்கொள்ளாமல் கதவோரம் நிற்கும் பணியாளத் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் வாலென்டி தொமாலாவின் வணக்கம்.

என் பெயருக்கு முன்னால் எதுவும் இல்லை. பின்னாலும் எதுவும் இல்லை. நடுவில் நான் மட்டும் இருக்கிறேன். முப்பத்தோரு வருடமாக, ஒவ்வோர் அக்டோபரிலும், புதுப் பிள்ளைகள் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். ஒருவன் முனைவர் என்பான். ஒருத்தி பேராசிரியர் என்பாள். ஒருமுறை ஒருவன் பதற்றத்தில் என்னை மேதகு என்றே கூப்பிட்டுவிட்டான். வாலென்டி சார் போதும் என்பேன். போதும் என்று நான் சொன்னதை, போதாது என்று இந்தக் கல்லூரி முப்பத்தோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நேற்று மாலை ராய்முண்ட் என்னைத் தேடி ஒன்பதாம் கூடத்துக்கு வந்தார். வந்தவர் உட்காரவில்லை. ஒரு பெரிய மனிதர் நின்றுகொண்டே அன்பாகப் பேசினால் ஏதோ போகப்போகிறது என்று அர்த்தம்.

"சார், நாளைக்கு விழாவிலே உங்களுக்கு ஒரு கௌரவப் பட்டயம் தர்றோம். நீங்க ரெண்டு நிமிஷம் பேசணும். ஒன்பதாம் கூடத்தை மனசு நெறைஞ்சு ஒப்படைக்கிறேன்னு ஒரு வாக்கியம் மட்டும் சொல்லிடுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மற்றது என்றால் என்ன என்று கேட்டேன்.

"கைதட்டல் சார்."

ஆக, அவைக்கு ஒன்று தெரிந்திருக்கட்டும். என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் கேட்டிருக்கிறார்கள். அதைச் சொன்னால் பட்டயம். சொல்லாவிட்டால், அச்சடித்த பட்டயத்தை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. சொல்வேனா மாட்டேனா? அவசரப்படாதீர்கள். ரொட்டி வேகும்வரை அடுப்பைத் திறக்கக்கூடாது.

பின்னாலிருந்து யாரோ சத்தமாகப் பேசச் சொல்கிறார்கள். பேசுகிறேன் ஐயா. சத்தத்தில் எனக்குக் குறை வந்ததே இல்லை.

ஒன்பதாம் கூடம் என்பது என்ன? கீழ்த்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், பன்னிரண்டு மீட்டர் நீளத்தில் ஒரு வெறுங்கூடம். முன்பு உடற்பயிற்சிக் கூடமாக இருந்தது. தரையில் இன்னும் கைப்பந்துக் கோடுகள் இருக்கின்றன. சுவரில் ஓர் ஓவியம் இல்லை. மூலையில் ஒரு சிலை இல்லை. அங்கே இருப்பதெல்லாம் அட்டை. ஆள் உயரத்துக்கு அடுக்கிய நெளி அட்டை, மரச் சட்டம், காகித நாடா, கத்தி, அளவுகோல். அட்டையில் அறை கட்டுவோம். பொம்மை அறை அல்ல, உள்ளே போய் நிற்கிற அறை. சுவர் என்றால் சுவர் உயரம். கதவு என்றால் கதவு அகலம். முக்காலி என்றால் உட்காரும் முக்காலி.

நான் யார்? பெட்டித் தொழிற்சாலையில் பதினான்கு வருடம் செருப்புப் பெட்டி மடித்தவன். எந்தக் கல்லூரியும் எனக்கு வடிவம் கற்றுத்தரவில்லை. வெட்டிய அட்டையைத் தட்டையாகப் பார்க்கும்போதே அது நிமிர்ந்தால் எப்படி நிற்கும் என்று கண்ணுக்குத் தெரியவேண்டும். தெரியாதவன் விரலை இழப்பான். இதைத்தான் இவர்கள் முப்பரிமாணக் கற்பனைத் திறன் என்கிறார்கள். நாங்கள் பிழைப்பு என்றோம்.

முதல் வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு தபால் அட்டை கொடுப்பேன். ஒரு வெட்டு, ஒரு மடிப்பு, அவ்வளவுதான் அனுமதி. அட்டை தானாக நிற்கவேண்டும். நாற்பது பேரில் முப்பது பேர் மடிக்க யோசிப்பார்கள். அழகான அட்டை கெட்டுவிடுமாம். கெடாத அட்டை படுத்தே கிடக்கும் பிள்ளைகளே. மடிப்பு விழுந்த அட்டைதான் எழுந்து நிற்கும். வளையாத கிழவன் என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வளைத்தால்தான் நிற்கும் என்று முப்பத்தோரு வருடம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இந்தப் பெயர்.

இரண்டாவது வாரம், களிமண் கட்டி. ஒரு கனசதுரம். அதை மூன்றே வெட்டில் துண்டாக்கி, துண்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்து, இடைவெளியை வரையச் சொல்வேன். களிமண்ணை அல்ல, இடைவெளியை. திணறிப்போவார்கள். இல்லாததை எப்படி வரைவது என்பார்கள். இல்லாததைத்தானே அம்மா வாழ்நாள் முழுக்க விற்கப்போகிறீர்கள்? சுவரைக் கொத்தனார் விற்பார். மேசையைத் தச்சர் விற்பார். சுவருக்கும் மேசைக்கும் நடுவில் இருக்கிற ஒன்றுமில்லாத இடம் இருக்கிறதே, அதற்கு யார் பொறுப்பு? நீங்கள். உங்களைத் தவிர யாரும் இல்லை.

டிசம்பரில் கடைசிப் பயிற்சி. பதினாறு சதுர மீட்டரில் ஓர் அறை. அடுக்குமாடியில் பிறந்தவர்களுக்கு அது எந்த அறை என்று தெரியும். அதில்தான் தூங்குகிறோம், அதில்தான் துணி காயப்போடுகிறோம், அதில்தான் மருமகனோடு சண்டை போடுகிறோம். அந்த அறையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விருந்துக்கு ஏழு பேரை உட்காரவைக்க வேண்டும். ஏழு பேருக்கு எட்டு இருக்கை. எட்டாவது எதற்கு என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. வழி தவறி வருகிற யாரோ ஒருவனுக்கு. அவனுக்கு ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு நாற்காலி. என் அம்மா வைத்தாள். உங்கள் அம்மாக்களும் வைக்கிறார்கள். அதோ, மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா தலையாட்டுகிறார்.

சரி, அந்தத் தட்டை எங்கே வைக்கிறீர்கள் தாயே? சொல்லட்டுமா? மூலையில். மேசைக்கும் சன்னலடி வெப்பக்குழாய்க்கும் நடுவில், பூனைகூடப் போகமுடியாத இடத்தில். யாரும் வரப்போவதில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே யாராலும் உட்காரமுடியாத இடத்தில் அவனுக்கு நாற்காலி போடுகிறோம். இதில் பொய் சொல்வது நம் வாய் அல்ல, நம் மேசை.

போன டிசம்பரில் இந்தப் பயிற்சியைப் பார்க்க ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று வந்தது. ஒன்பதாம் கூடம் இருக்கலாமா, அதை எடுத்துத் திரைகளும் கண்ணில் மாட்டும் கருவிகளும் வைத்த கூடமாக்கலாமா என்று முடிவு செய்ய வந்த குழு. நம் கல்லூரிக்காரர் ஒருவரும் அதில் உண்டு. வார்சாவாவிலிருந்து டாக்டர் க்லெமென்ஸ் என்பவர் தலைமை. நல்ல உயரம், அதற்கேற்ற அகலம். சிரிப்பு மட்டும் சிக்கனம்.

அவர் முன்னால் அறை கட்டிக் காட்டியது போக்னா என்கிற பெண்ணும் அவள் கூட்டாளிகள் மூவரும். போக்னா கெட்டிக்காரி, வாய்க்காரி. முதல் வாரமே என்னிடம், "சார், நீங்க பாராட்டினா கூரை இடிஞ்சு விழுந்திடுமா?" என்று கேட்டவள். அட்டைக் கூரை, விழுந்தால் வலிக்காது என்றேன். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒருவகைச் சண்டையும் ஒருவகைச் சமாதானமும்.

குழு வருவதற்கு மூன்று நாள் முன்பு அவர்கள் அறையை நிமிர்த்தினார்கள். நான் வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தேன். தவறு தெரிந்துவிட்டது. எட்டாவது நாற்காலி இருந்த பக்கம் மேசைக்கும் சுவருக்கும் நடுவில் ஐம்பது சென்டிமீட்டர். நாற்காலி நிற்க ஐம்பது போதும். இழுத்து உட்கார எழுபத்தைந்து வேண்டும். பின்னால் இன்னொருவர் நடந்துபோக அதற்கும் மேலே வேண்டும். நாற்காலியை நாற்காலியாகவே பார்த்திருக்கிறார்கள். நாற்காலி என்பது நான்கு கால் மட்டுமா? அதை இழுக்கிற கை, அதில் மடிகிற முழங்கால், அதிலிருந்து எழுகிற முதுகு, இவ்வளவும் சேர்ந்ததல்லவா நாற்காலி?

தெரிந்தது. சொன்னேனா? சொல்லவில்லை.

அது என் விதி. இடம் போதாது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. நான் சொன்னால் அது ஓர் எண். நோட்டில் எழுதுவார்கள், தேர்வில் ஒப்பிப்பார்கள், மறப்பார்கள். இடுப்பு இடித்தால் மறப்பதில்லை. ராய்முண்ட் அவர்கள் மாணவராக இருந்தபோது அட்டை மேசையின் முனை தொடையில் குத்தி இரண்டு வாரம் நீலம் பாய்ந்திருந்தது. இன்றுவரை அவர் வடிவமைத்த எந்த வீட்டிலும் யாருக்கும் தொடை இடித்ததில்லை. இதை நான் மனதாரச் சொல்கிறேன். அவர் நல்ல வடிவமைப்பாளர். சிரியுங்கள் ராய்முண்ட், பாராட்டுத்தான்.

குழு வந்தது. முதலில் மாடியில் திரைக் காட்சி. அதே அறை, அதே அளவு, போக்னா வரைந்த அதே வரைபடம். கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு ஐந்து பேரும் அறைக்குள் உலவினார்கள். டாக்டர் க்லெமென்ஸ் எட்டாவது நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்துபோய், சன்னலில் பனி பெய்வதை ரசித்தார். அருமை, காற்றோட்டமான அறை என்றார். திரை பொய் சொல்லவில்லை ஐயா. நான் அப்படிச் சொல்லமாட்டேன். ஐம்பது சென்டிமீட்டர் என்று அதில் எழுதியே இருந்தது. எல்லோரும் படித்தார்கள். யாருக்கும் வலிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு கீழே வந்தார்கள். போக்னா பீட்ரூட் சூப் வைத்திருந்தாள். வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொண்டுவந்தது. அந்த விருந்தின் வழக்கப்படி மேசைவிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வைக்கோல்கூடப் பரப்பியிருந்தாள். குழுவில் நால்வரும் அவள் கூட்டாளிகள் மூவருமாக ஏழு பேர் உட்கார்ந்தாயிற்று. பெரியவர் க்லெமென்ஸ் கடைசியாக வந்தார். மீதமிருந்தது எட்டாவது இருக்கை.

"நீங்கதான் சார் வழி தவறி வந்த விருந்தாளி" என்று போக்னா சிரித்தாள். அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

பெரியவர் சுவரோரமாக நுழைந்தார். பக்கவாட்டில் நடந்தார். வயிற்றை உள்ளே இழுத்தார். முதல் ஆள் எழுந்தார். இரண்டாம் ஆள் எழுந்தார். மூன்றாம் ஆள் எழும்போது முதுகு பட்டு அட்டைச் சுவர் வயிறு தள்ளியது. நாலாம் ஆள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியவர் நடுவழியில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் வரமுடியவில்லை. சூப் கொஞ்சம் அவர் சட்டைக் கையில் சிந்தியது.

சிரிக்காதீர்கள். இந்த மேடையைப் பாருங்கள். வரிசைக் கோடியில் இருந்த நான் இந்த ஒலிபெருக்கிக்கு வந்துசேர எத்தனை பேராசிரியர்கள் அங்கியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள், பார்த்தீர்கள்தானே? உள்ளரங்க வடிவமைப்புத் துறை போட்ட மேடை இது.

நான் போக்னாவின் முகத்தைப் பார்த்தேன். அவள் பெரியவரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். முப்பத்தோரு வருடமாக நான் காத்திருந்து காத்திருந்து பார்க்கிற பார்வை அது. இல்லாத ஒன்று கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிற பார்வை. என் மனம் துள்ளியது. பாடம் பலித்தது என்று துள்ளியது. மடையன், வேறு என்ன பலிக்கப்போகிறது என்று அது யோசிக்கவில்லை.

அறிக்கை மூன்றாம் நாள் வந்தது. என்ன எழுதியிருந்தார்கள்? பயிற்சி காலாவதியானது என்று எழுதியிருந்தார்கள். அட்டை அறையில் குறைபாடு காணப்பட்டது, அதே அறை திரையில் குறையின்றிக் காட்சியளித்தது என்று எழுதியிருந்தார்கள். அவையோரே, திரும்பச் சொல்கிறேன். குறையைக் காட்டியது அட்டை, ஆகவே அட்டை மோசம். குறையை மறைத்தது திரை, ஆகவே திரை மேல். காய்ச்சல் காட்டிய கருவியை உடைத்துப்போட்டுவிட்டு, உடம்பு சரியாகிவிட்டது என்று கையெழுத்துப் போட்டார்கள். மூடலாம் என்று மூன்று கை, வேண்டாம் என்று இரண்டு கை. அந்த மூன்றாவது கை யாருடையது என்று நான் சொல்லமாட்டேன். கைக்கடிகாரம் கட்டிய கை.

மறுநாள் போக்னா என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

தெரியும் என்றேன்.

"எத்தனை நாள் முன்னாடி?"

மூன்று நாள் என்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மேசையைத் தள்ளிப் போட்டிருப்போம். அந்த ஆளு ஒழுங்கா உக்காந்து சூப் குடிச்சிட்டுப் போயிருப்பாரு. கூடம் தப்பிச்சிருக்கும்."

"தப்பிச்சிருக்கும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"நீ தப்பிச்சிருக்க மாட்டே."

இந்த இடத்தில் அவள் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று சொன்னால் நீங்கள் கைதட்டுவீர்கள். அவள் அப்படிச் செய்யவில்லை. "உங்க பிடிவாதத்தைக் காப்பாத்திக்க எங்க நாலு பேரையும் பலி கொடுத்திட்டீங்க" என்றாள். போய்விட்டாள். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அவள் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி நடுவில் ஒருநாள் காலை கூடத்தைத் திறந்தால், அறை மறுபடியும் நிற்கிறது. என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. முன்பு இருந்த அட்டைச் சோபாவை எடுத்துவிட்டிருந்தார்கள். மேசை குறுக்கே திரும்பியிருந்தது. எட்டாவது நாற்காலி கதவுக்குப் பக்கத்தில். வருகிறவன் யாரையும் எழுப்பாமல், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல், கதவைத் திறந்து இரண்டடி வைத்து உட்காரலாம். போக்னா சுவரில் சாய்ந்து நின்றாள். வணக்கம் இல்லை, சார் இல்லை. நாற்காலியைக் காட்டி, "உக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். எதுவும் இடிக்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. கூரை இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று மத்தியானமே ராய்முண்ட் அவர்கள் அறைக்குப் போனேன். ஒரு நடை வந்து பாருங்கள் என்றேன். நான் யாரையும் அப்படிக் கேட்டு வழக்கமில்லை. கேட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்ன பதில் மூன்றே சொல். "அறிக்கை போயாச்சு சார்." கீழ்த்தளத்துக்கு இருபத்திரண்டு படி. இறங்க அவருக்கு மனம் வரவில்லை.

இதோ ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. நேரம் முடிந்ததாம். தெரியும் ஐயா. ஒன்பது மாதம் முன்பே முடிந்துவிட்டது.

முதலாண்டுப் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்பதாம் கூடம் கிடையாது. நாளைக்கு அட்டைகளை அள்ளிக்கொண்டுபோக லாரி வருகிறது. நான் வீட்டில் ரகசிய வகுப்பு நடத்தப்போவதில்லை. அப்படி ஒரு தித்திப்பான முடிவை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். உங்களுக்குத் திரைகள் வரும், நல்ல திரைகள். அவற்றில் நீங்கள் அழகழகான அறைகள் செய்வீர்கள். அந்த அறைகளில் யாருக்கும் வயிறு இருக்காது. யாரும் கிழவராக இருக்கமாட்டார்கள். யாரும் ஊன்றுகோலோடு வரமாட்டார்கள். யாரும் தாமதமாக வரமாட்டார்கள். பிறகு ஒருநாள் அந்த அறையை உண்மையிலேயே கட்டுவார்கள். அன்றைக்கு உள்ளே நுழைவது திரையில் பார்த்தவரா? வயிறு உள்ளவர் நுழைவார். ஊன்றுகோல் உள்ளவர் நுழைவார். அவர் இடுப்பு இடிக்கும். உங்கள் இடுப்பில் விழவேண்டிய அடி, முகம் தெரியாத அவர் இடுப்பில் விழும்.

தாய்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற டிசம்பரில், அந்த விருந்து நாளன்று, முதல் நட்சத்திரம் தெரிந்ததும், அப்பத்தைப் பிட்டுப் பகிர்ந்துகொள்வதற்கு முன்னால், உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள். வடிவமைப்புப் படிக்கிறாயே, போ, அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார் என்று சொல்லுங்கள். யாரையும் எழுப்பாமல் உட்காரமுடிந்தால், உங்கள் வீட்டில் ஒரு மனிதனுக்கு இடம் இருக்கிறது. முடியவில்லை என்றால், தாயே, கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் வைத்த தட்டு யாருக்கும் வைத்த தட்டு அல்ல.

இனி அந்த வாக்கியம்.

ஒன்பதாம் கூடத்தை நான் மனம் நிறைந்து ஒப்படைக்கவில்லை. அரை மனத்தோடும் ஒப்படைக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டார்கள். பதிவேட்டில் அப்படியே எழுதுங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது என்னிடமே இருந்திருக்கும். அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை. நாளைக்கே கூடத்தைத் திருப்பிக் கொடுத்து, அதே அறையை அதே ஐம்பது சென்டிமீட்டரோடு நிமிர்த்தி, அதே பெரியவரை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாலும் சொல்லமாட்டேன். என் வேலை கூடத்தைக் காப்பாற்றுவது அல்ல. அந்தப் பெண்ணுக்கு இடத்தைக் காட்டுவது. காட்டினேன். அதற்கான விலை இதுதான் என்றால், அதையும் கொடுத்தாயிற்று. பட்டயத்தைத் துணைவேந்தர் அம்மையார் வைத்துக்கொள்ளட்டும். அதில் என் பெயருக்கு முன்னால் ஏதோ அச்சடித்திருக்கிறார்களாம். அது நான் இல்லை.

சொன்ன நேரத்துக்கு மேல் பேசவிட்ட தலைமைக்கு நன்றி. எழுந்து வழிவிட்ட பேராசிரியர்களுக்கு நன்றி. நின்றுகொண்டே கேட்ட பணியாளத் தோழர்களுக்கு, எல்லோரையும்விட அதிகமாக நன்றி. கதவோரம் உங்கள் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. நான் அங்கே வந்து நிற்கிறேன். அனைவருக்கும் வணக்கம்.